மருந்தில் இல்லை... பேச்சில்தான் இருக்கிறது வார்த்தை!

உங்கள் குழந்தையின் எடை எவ்வளவு என்று கேட்டால் டக்கென்று சொல்வீர்கள். எந்தத் தடுப்பூசி எப்போது போட்டது என்று கேட்டால் அட்டையை எடுத்து நீட்டுவீர்கள். சரி, உங்கள் குழந்தைக்கு எத்தனை வார்த்தை தெரியும்? என்றைக்காவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

அநேகமாக இருக்காது. எடை, உயரம் மாதிரி வார்த்தையும் ஒரு வளர்ச்சிதான் என்று நமக்குத் தோன்றுவதில்லை. தானாக வரும் என்று விட்டுவிடுகிறோம். வராதபோது மருந்து தேடுகிறோம்.

படப்பையில் சித்த மருத்துவம் பார்க்கும் என்னிடம் தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இரண்டு. "டாக்டர், ரெண்டு வயசு முடிஞ்சிடுச்சு. அம்மா, அப்பா தவிர ஒண்ணும் வரல. நாக்குல தடவ ஏதாச்சும் குடுங்களேன்" என்பது ஒன்று. "ஒண்ணாங் கிளாஸ் படிக்கிறான். ஒவ்வொரு எழுத்தா கேட்டா சொல்றான். சேர்த்துப் படிக்கச் சொன்னா முழிக்கிறான். ஞாபக சக்திக்கு லேகியம் இருக்கா?" என்பது இன்னொன்று.

இரண்டும் வேறு வேறு கேள்வி மாதிரி தெரியும். உண்மையில் ஒரே கேள்விதான். எப்படி என்று கேட்கிறீர்களா? ஒரு குழந்தை ம-ட-ம் என்று எழுத்துக் கூட்டி 'மடம்' என்று வாயால் சொல்லிவிடலாம். ஆனால் மடம் என்றால் என்ன என்றே கேள்விப்படாத குழந்தைக்கு அது வெறும் சத்தம். 'படம்' என்று கூட்டியதும் "அட, படம்!" என்று முகம் மலர்கிறதே, அது ஏற்கெனவே காதில் விழுந்து மனதில் இருந்த வார்த்தை. காது வழியாக உள்ளே போன வார்த்தைதான் பிறகு கண் வழியாகப் படிப்பாக வருகிறது. முதல் ஐந்து வருடம் பேச்சுக்கு நாம் செலவழிக்கும் நேரம்தான் பள்ளிக்கூடத்தில் படிப்பாக நிற்கும்.

வசம்பு பேச வைக்குமா?

முதலில் இதைப் பேசிவிடலாம். வசம்புக்கு 'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயர். வயிற்று உப்புசத்துக்கு வீடுகளில் சுட்டு உரசிக் கொடுத்து வந்த பொருள். அதையே தேனில் குழைத்து நாக்கில் தடவினால் பேச்சு வரும் என்று ஒரு நம்பிக்கை நம் பக்கத்தில் பரவிக் கிடக்கிறது.

சித்த மருத்துவம் படித்தவன் என்ற முறையிலேயே சொல்கிறேன். வசம்பு நாக்குக்கு வார்த்தை கொடுக்காது. வைத்தியர் சொல்லாமல், அளவு தெரியாமல் கொடுத்தால் வாந்தியில் கொண்டுபோய் விடும். இந்த வகைக் கிழங்கில் உள்ள ஒரு சத்து, விலங்குகளில் புற்றுக்கட்டியை உண்டாக்கியது தெரிய வந்ததால், உணவுப் பண்டங்களில் இதைச் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1968-லேயே தடை போட்டுவிட்டார்கள். தேனும் ஒரு வயதுக்குள் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து, நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். சேனை வைப்பது, பொன் உரைத்துத் தடவுவது எதுவும் வேண்டாம்.

வல்லாரை? இரண்டு வயதுக் குழந்தைக்குப் பருப்போடு மசித்துக் கொஞ்சம் கொடுங்கள், நல்ல கீரை. ஆனால் 'யானை' என்ற சொல்லை ஒருமுறைகூடக் கேட்காத குழந்தைக்கு வல்லாரை யானையைச் சொல்லித் தராது, இல்லையா?

ஷிஃப்ட் வீடுகளில் என்ன நடக்கிறது?

நம் வட்டாரத்தின் கதை உங்களுக்குத் தெரியும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் கார் உற்பத்தி ஆரம்பித்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் ஆலை வந்தது. அடுத்தடுத்துத் தொழிற்சாலைகள். வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் விடியற்காலையிலிருந்தே கம்பெனி பஸ் வரிசை. வேலை வந்தது, வருமானம் வந்தது, நல்லது. ஆனால் வீட்டுக்குள் ஒன்று குறைந்துபோனது. பேச்சு!

அப்பா காலை ஷிஃப்ட் என்றால் குழந்தை எழுவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறார். மாலை ஷிஃப்ட் என்றால் குழந்தை தூங்கிய பிறகு வருகிறார். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்கும் வீட்டில், "சத்தம் போடாதே, அப்பா தூங்கறாரு" என்பதுதான் குழந்தை அதிகம் கேட்கும் வாக்கியம். அம்மாவும் வேலைக்குப் போகிறார். கதை சொல்ல வேண்டிய பாட்டி சொந்த ஊரில் இருக்கிறார். பத்துக்குப் பத்து வாடகை அறையில் குழந்தைக்குத் துணை செல்போன்.

இது யாரையும் குற்றம் சொல்வதற்காக இல்லை. நாள் முழுக்கப் பேச வேண்டியதில்லை. இருக்கிற நேரத்தில் எப்படிப் பேசுகிறோம் என்பதுதான் விஷயம்.

போனும் பேசுதே, பத்தாதா?

"போன்ல பாட்டு, கதை எல்லாம் வருது டாக்டர். அதுலேர்ந்து கத்துக்க மாட்டானா?" நியாயமான கேள்வி.

2003-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாட்ரிஷியா கூல் என்பவரின் குழு ஒரு பரிசோதனை செய்தது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள், வயது 9 மாதம். ஒரு பிரிவுக்குச் சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து, புத்தகம் காட்டி, பொம்மை காட்டி 12 முறை பேசினார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே பேச்சு டி.வி.யில் போட்டுக் காட்டப்பட்டது. முடிவு? நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்து அறிந்தன. டி.வி. பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை.

காரணம் எளிது. டி.வி. குழந்தையின் கண்ணைப் பார்க்காது. அது "ங்கா" என்றால் பதிலுக்கு "ங்கா" சொல்லாது. குழந்தை நிலாவைப் பார்க்கும்போது "நிலா" என்று சொல்ல அதற்குத் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் கொட்டுவது பேச்சல்ல. நீ ஒன்று, நான் ஒன்று என்று பந்து மாதிரி போய் வருவதுதான் பேச்சு.

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் சொன்னது இது: 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 5 வயது வரை நாளுக்கு அதிகபட்சம் 1 மணி நேரம், அதுவும் பெரியவர் கூட இருந்து. ஒரே விதிவிலக்கு, சொந்தக்காரர்களுடன் வீடியோ காலில் பேசுவது. ஏனென்றால் அங்கே பதில் வருகிறது. ஊரில் இருக்கும் பாட்டி வீடியோ காலில் கதை சொல்லட்டும், தாராளமாக!

தால் என்றால் நாக்கு!

நம் முன்னோர் இதைப் புத்தகம் போட்டு வைத்தார்கள். பிள்ளைத்தமிழ் என்றொரு இலக்கிய வகை உண்டு. குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரிக்கும். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் ஆண், பெண் இருபாலருக்கும் பொது. 'தால்' என்றால் நாக்கு. தாயார் நாவை அசைத்துப் பாடுவது தாலாட்டு. சப்பாணி, கைதட்டல். அம்புலி, நிலாவைக் கூப்பிட்டுப் பேசுவது.

கவனித்தீர்களா? பாட்டு, கைதட்டு, "வா வா" என்ற அழைப்பு, நிலாவைச் சுட்டிக் காட்டிய பேச்சு. குழந்தை பேசக் கற்கும் வழி அத்தனையும் இதில் இருக்கிறது. எந்தத் தாயும் செலவில்லாமல் செய்யக்கூடியது.

வேலையோடு வேலையாக...

தனியாக நேரம் ஒதுக்க முடியவில்லையா? வேண்டாம். செய்கிற வேலையிலேயே வார்த்தை இருக்கிறது.

துணி துவைக்கிறீர்கள். "ஊற வைக்கிறேன், கசக்கறேன், அலசறேன், பிழியறேன், உதறிக் காயப் போடறேன்." ஐந்து வினைச்சொல் ஆயிற்று! சமையலில் "கழுவு, நறுக்கு, வதக்கு, தாளி." அஞ்சறைப் பெட்டியைத் திறந்தால் கடுகு, மிளகு, சீரகம், வெந்தயம். முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். மூக்கோடு சேர்ந்த வார்த்தை மறக்காது. சின்னக் குழந்தை அதை வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெருவோரச் செடிகள் என் பாடம். லீவு நாளில் ஏரிக்கரைப் பக்கம் நடந்தால் துத்தி, தும்பை, குப்பைமேனி, ஆவாரை என்று பெயர் சொல்லுங்கள். எருக்கு, ஊமத்தை இரண்டையும் காட்டி, "இதைத் தொடக் கூடாது, வாயில வைக்கக் கூடாது" என்றும் சொல்லுங்கள். வார்த்தையோடு எச்சரிக்கையும் சேர்ந்துவிடும். ஒரே இலை எத்தனை பெயர் வாங்குகிறது பாருங்கள். துளிர்க்கும்போது கொழுந்து, பிறகு தளிர், இலை, பழுத்தால் பழுப்பு, காய்ந்தால் சருகு. இத்தனையும் ஒரு குழந்தையின் சொத்து.

பேசும்போது மூன்று விஷயம் நினைவில் இருக்கட்டும்.

* காத்திருங்கள். கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். குழந்தைக்கு யோசிக்க நேரம் வேண்டும். நாம்தான் பொறுமை இல்லாமல் பதிலையும் சொல்லிவிடுகிறோம்.

* நீட்டிக் கொடுங்கள். குழந்தை "பஸ்" என்றால், "ஆமா, பெரிய வெள்ளை பஸ். அதுலதான் அப்பா வேலைக்குப் போறாரு" என்று சொல்லுங்கள். ஒன்று கொடுத்தால் ஐந்தாகத் திருப்பிக் கொடுப்பது.

* திருத்தாதீர்கள், கேலி செய்யாதீர்கள். "பயம்" என்று வாழைப்பழத்தைக் கேட்டால், "பழம் வேணுமா? இந்தா பழம்" என்று சரியாகச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். விருந்தாளி முன்னால் நிறுத்தி "சொல்லு, சொல்லு" என்று பரீட்சை வைக்கவே வேண்டாம்.

ஊர்ப் பலகைதான் முதல் பாடம்

இப்போது படிப்புக்கு வருவோம். தமிழில் 247 எழுத்து. மூன்று வயதிலேயே எல்லாவற்றையும் வரிசையாக மனப்பாடம் செய்ய வைத்து, பென்சிலைக் கையில் திணிக்கிறோம். அந்த வயதில் விரல் எலும்பும் தசையும் அதற்குத் தயாராக இல்லை. களிமண் பிசையட்டும், மணி கோர்க்கட்டும், தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் கோடு போடட்டும். விஜயதசமி அன்று அரிசியில் 'அ' எழுதுகிறோமே, அதையே வருடம் முழுக்க விளையாட்டாகச் செய்யலாம்.

முதலில் ஒலி. "ப-டப்-பை" என்று மூன்று முறை கை தட்டிச் சொல்லுங்கள். "பா-னு", "கு-மார்" என்று வீட்டில் எல்லோர் பெயரையும் தட்டுங்கள். "ப-வில ஆரம்பிக்கிற சாமான் இந்த அறையில என்னென்ன இருக்கு?" என்று தேடுங்கள். பாய், பானை, பல்பு! வார்த்தைக்குள் ஒலி இருக்கிறது என்று காது பிடித்துக்கொண்டால், எழுத்து சுலபமாக வரும்.

பிறகு எழுத்து. ட, ப, ம என்ற மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கோடும் வளைவும் எளிது. இவற்றோடு புள்ளி சேர்த்தால் படம், பட்டம், மடம், மட்டம். துணைக்கால் சேர்த்தால் மாமா, பாப்பா, பாடம், டப்பா. மூன்று எழுத்தில் எட்டு வார்த்தை! சுழித்து வரும் 'ஐ' குறியையும் காட்டினால் பை, மை, அப்புறம் நம் ஊரே வந்துவிடும். ப-ட-ப்-பை! பஸ் போர்டில், கடைப் பலகையில், வழிகாட்டிப் பலகையில் எங்கும் இருக்கிறது. பஸ்ஸுக்கு நிற்கும் ஐந்து நிமிடத்தில், "நம்ம ஊர் பேர் எங்கே எழுதியிருக்கு, கண்டுபிடி" என்று கேளுங்கள். தானே கண்டுபிடித்த எழுத்தைக் குழந்தை மறக்காது.

அடுத்தது புத்தகம். குழந்தையை மடியில் வைத்துப் படம் காட்டி, விரலை வரிக்குக் கீழே ஓட்டிப் படியுங்கள். "அடுத்து என்ன ஆகும்னு நினைக்கிறே?" என்று நிறுத்திக் கேளுங்கள். ஒரே கதையை இருபது முறை கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள்; ஒவ்வொரு முறையும் ஒரு புது வார்த்தை உள்ளே போகிறது.

இதில் தமிழுக்கே உரிய ஒரு நன்மையும் உண்டு. வீட்டில் "வந்துட்டான்" என்கிறோம். புத்தகத்தில் "வந்துவிட்டான்" என்று இருக்கிறது. வீட்டில் "தண்ணி", புத்தகத்தில் "தண்ணீர்". கதை படிக்கக் கேட்டே வளராத குழந்தைக்குப் பாடப் புத்தகம் பாதி அந்நிய மொழி! அதனால் புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஒருமுறை படியுங்கள். பிறகு பேச்சு வழக்கில் விளக்குங்கள். இரண்டு தமிழும் பழகிவிடும்.

புத்தகத்துக்குப் பணம் இல்லையா? கிளை நூலகத்தில் சேருங்கள். அண்ணன், அக்கா அரசுப் பள்ளியில் படித்தால் வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களைப் பற்றிக் கேளுங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் போட்டிருக்கிறார்கள். 2022-ல் தமிழக அரசு ஆரம்பித்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் நோக்கமே 8 வயதுக்குள் பிள்ளை பொருள் புரிந்து படிக்க வேண்டும் என்பதுதான். பள்ளி அதைச் செய்யும். பள்ளிக்கு முந்தைய ஐந்து வருடம் நம் கையில். அங்கன்வாடிக்கு அனுப்புங்கள், சத்துணவுக்காக மட்டுமில்லை, பாட்டுக்கும் கதைக்கும் மற்ற பிள்ளைகளின் பேச்சுக்கும் சேர்த்து!

ஷிஃப்ட் வீட்டுக்கு ஓர் அட்டவணை

* காலை ஷிஃப்ட்: மாலையில் வந்ததும் முதல் 15 நிமிடம் போனை எடுக்காதீர்கள். "இன்னைக்கு என்ன பார்த்தே?" என்று ஆரம்பியுங்கள்.

* மாலை ஷிஃப்ட்: காலைக் குளியல் உங்கள் பொறுப்பு. சொம்பு, வாளி, நுரை, முதுகு, முழங்கை... பாத்ரூமே பள்ளிக்கூடம்.

* நைட் ஷிஃப்ட்: கிளம்பும் முன் ஒரு கதை. தூங்கி எழுந்ததும் ஒரு நடை, பத்துப் பலகை.

* இருவருக்கும் வேலை என்றால்: குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒரு படப் புத்தகம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

எந்த வயதில் என்ன?

1 வயதில் ஓரிரு வார்த்தை. ஒன்றரையில் அம்மா, அப்பா தவிர இன்னும் சில. 2 வயதில் "பால் வேணும்" என்று இரண்டு சேர்த்து. 3 வயதில் வெளியாட்களுக்கும் பெரும்பாலும் புரியும் பேச்சு. 4, 5 வயதில் சின்னக் கதை சொல்லும். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

ஆனால் கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் "அவங்க தாத்தாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று தள்ளிப் போடாதீர்கள்.

* கூப்பிட்டால் திரும்பவில்லை, சத்தத்துக்கு அசையவில்லை

* 1 வயதில் மழலை ஒலியே இல்லை, எதையும் கை நீட்டிக் காட்டவில்லை

* ஒன்றரை வயதில் ஒரு வார்த்தை கூட இல்லை

* 2 வயதில் இரண்டு சொல் சேரவில்லை

* பேசிக்கொண்டிருந்த வார்த்தைகள் மறைந்துபோகின்றன

முதல் வேலை, காது பரிசோதனை. காது கேட்காத குழந்தைக்கு எந்த மருந்தும் பேச்சு தராது. சீக்கிரம் கண்டுபிடித்தால் கருவியும் பயிற்சியும் பெரிய பலன் தரும். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி, பாதிதான் கேட்கும். அதற்கும் வைத்தியம் உண்டு. காதில் எண்ணெய் மட்டும் காய்ச்சி ஊற்றாதீர்கள்! 2013 முதல் நடக்கும் தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கே வந்து பரிசோதிக்கிறது. அன்றைக்குக் குழந்தையைக் கட்டாயம் அனுப்புங்கள். தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் நிறுவனமும் இருக்கிறது.

ரத்தசோகையையும் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சோர்ந்து கிடக்கும் குழந்தை எதையும் உற்றுக் கவனிக்காது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, பயறு கொடுங்கள். சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மருந்தையும், பூச்சி மாத்திரையையும் தவறவிடாதீர்கள்.

உங்கள் சந்தேகங்கள்

"இங்கிலீஷ் மீடியத்துல சேர்க்கப் போறோம். வீட்லயும் இங்கிலீஷ்ல பேசணுமா?"

உங்களுக்கு நன்றாக வரும் மொழியில் பேசுங்கள். தாய்மொழியில் வார்த்தை நிறைய உள்ள குழந்தை இன்னொரு மொழியைச் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். "கம், சிட், ஈட்" என்ற நாலு வார்த்தையில் வளரும் குழந்தைக்கு இரண்டு மொழியும் அரைகுறை.

"பக்கத்து வீட்ல ஒடிசாக்காரங்க. அந்தக் குழந்தைக்குத் தமிழ் சொல்லித் தரணுமா?"

அவர்கள் வீட்டில் ஒடியாவிலேயே பேசட்டும். உங்கள் பிள்ளையோடு விளையாட விடுங்கள், தமிழ் தானாக வரும். உங்கள் பிள்ளைக்கும் நாலு ஒடியா வார்த்தை கிடைக்கும். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு கெட்டுப்போவதில்லை.

"எனக்கே படிக்கத் தெரியாது. நான் எப்படிச் சொல்லித் தர்றது?"

தாராளமாக முடியும்! படத்தைப் பார்த்துக் கதை சொல்லுங்கள். விடுகதை போடுங்கள். உங்கள் ஊர்க் கதையைச் சொல்லுங்கள். எழுத்தைப் பள்ளிக்கூடம் கற்றுத் தரும். வார்த்தையைக் கொடுக்க உங்களால்தான் முடியும்.

நல்லெண்ணெய், பால், முட்டை எல்லாவற்றுக்கும் விலை உண்டு. வார்த்தைக்கு விலை இல்லை. இன்றைக்கு ராத்திரி சோறு ஊட்டும்போது போனை அலமாரி மேலே வைத்துவிட்டு, குழந்தையின் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள். ஐந்து எண்ணும் வரை காத்திருங்கள். பதில் வரும்!